கோயில் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். நன்றாகப் படித்தவர், நாலு தேசத்து விஷயங்கள் தெரிந்தவர். அதனாலேயே அவரோடு பேசுவது ஆபத்து. பிரெஞ்சு தேசத்துக் கிராமங்களில் பழைய மாதாகோயில்கள் கூரை சரிந்து கிடக்கின்றன என்றும், அவற்றைப் பழுது பார்க்கப் பணம் திரட்டுகிறார்கள் என்றும் எங்கோ படித்திருக்கிறார். "பூசைக்கு ஆள் வராத கோயிலுக்குக் கூரை எதற்கு ஐயா? இடித்துத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் போட்டால் புண்ணியமாவது உண்டு. அழகான சிற்பம், சித்திரம் இருக்கிறதா, வைத்துக்கொள்ளட்டும். வெறும் சுவருக்காக ஏன் அழவேண்டும்?" என்று கேட்டார்.

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது, அவர் குரலும் என் குரலைவிடப் பெரியது. எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே சௌகரியம், அவன் எழுதும்போது நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதுதான். அந்தச் சௌகரியத்தை இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.

அவர் சொன்னதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. கோயில் பக்தர்களின் சொத்து. பக்தர் இல்லையென்றால் கோயிலும் வேண்டாம் என்பது ஒன்று. கலை இருந்தால் காப்பாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு என்பது இரண்டு. ஏழைக் கிராமத்துக்கு இந்தச் செலவு கட்டாது என்பது மூன்று. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது நிஜம், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. இதற்குச் சாட்சியாக ஒரே ஒரு கோயிலை அழைக்கிறேன். பேர்பெற்ற பேராலயம் எதுவும் வேண்டாம். சில நூறு பேர் வாழும் ஒரு கிராமத்தின் பங்குக் கோயில் போதும்.

பிரெஞ்சு தேசத்தின் நடு மத்தியில் பெர்ரி என்று ஒரு பிரதேசம். வயலும் வேலியும் மந்தையுமாக இருக்கிற பூமி. அங்கே, இன்றைக்கு ஆந்தர் என்று வழங்கும் மாவட்டத்தில், லா ஷாத்ர் என்னும் சிறு பட்டணத்துக்கு அருகே விக் என்று ஓர் ஊர். அந்த ஊரில் அர்ச். மார்த்தீன் பெயரால் ஒரு கோயில். அதை நான் நேரில் பார்த்தவனல்ல, படங்களில் பார்த்தவன். தூரத்திலிருந்து பார்த்தால் நெல் குதிர்போலத் தோன்றும். கனத்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல், ஓட்டுக் கூரை. உள்ளே ஜனங்கள் நிற்க ஒரு கூடம். அதற்கும் பீடம் இருக்கும் பகுதிக்கும் இடையே ஒரு குறுக்குச் சுவர். கடைசியில் அரைவட்டமாக வளைந்த ஒரு மூலை. அவ்வளவுதான். இந்தக் கோயிலின் வயது ஏறக்குறைய 900 ஆண்டு.

1849ல் அந்த ஊரின் பங்குச் சாமியாராக இருந்தவர் பெரிகோ என்பவர். அந்த வருஷம் கோயிலின் சுவரில் பூசியிருந்த சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ நிறம் தெரிவதைக் கண்டார். சுரண்டிப் பார்த்தார். ஒரு முகம் தெரிந்தது. மேலும் சுரண்டினார். முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். கடைசியில் பார்த்தால் பீடப் பகுதியின் சுவர்கள், வளைந்த மூலை, குறுக்குச் சுவர் எல்லாவற்றிலும் 12ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள்! காவி, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று மண்ணிலிருந்து எடுத்த வர்ணங்களில் ஒரு பெரிய ஜனக்கூட்டமே சுவரில் நடந்துகொண்டிருந்தது. கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைகிற ஏசு, கடைசி இராப்போஜனம், சீஷர்களின் பாதம் கழுவுகிற காட்சி, முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ், நெருப்புத் தணலால் உதடு சுத்திசெய்யப்படும் ஏசாயா தீர்க்கதரிசி, தலைகீழாகச் சிலுவையில் அறையப்படும் பேதுரு. வரைந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் கை மட்டும் தெரிகிறது. அவன் வரைந்த மனிதர்கள் சும்மா நிற்கிறதில்லை. குனிகிறார்கள், ஓடுகிறார்கள், ஒருவரை ஒருவர் நெருக்குகிறார்கள். நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டவனுக்கு அந்தச் சுவர் உடனே புரியும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அதற்குமேல் ஒரு கிராமத்துச் சாமியார் என்ன செய்ய முடியும்? பணம் கிடையாது, பாரிஸில் பெரிய மனிதர்களின் சிநேகம் கிடையாது. ஆனால் நடந்து போகிற தூரத்தில் நோவான் என்ற ஊரில் ஓர் அம்மாள் இருந்தார். ஆண்பிள்ளைப் பெயரில் நாவல் எழுதி ஐரோப்பா முழுவதையும் கலக்கிய ஜார்ஜ் ஸாண்ட்தான் அவர். இயற்பெயர் அரோர் துப்பேன். 1848 புரட்சியின்போது குடியரசுக்காகப் பேனா பிடித்துவிட்டு, அதன் இரத்தக்களரியைக் கண்டு மனம் கசந்து சொந்த ஊருக்குத் திரும்பியிருந்த சமயம் அது. அவருடைய நாவல்கள் சிலவற்றைக் கத்தோலிக்கத் திருச்சபை, விசுவாசிகள் தொடக்கூடாத நூல்களின் அட்டவணையில் ஏற்கெனவே சேர்த்திருந்தது. ஒரு சாமியார் உதவி கேட்டுப் போகக்கூடிய வாசல்களில் கடைசி வாசல் அது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

அந்த அம்மாள்தான் விஷயத்தை ப்ராஸ்பர் மெரிமேயின் காதுக்கு எட்டச் செய்தார். மெரிமே 'கார்மென்' கதையை எழுதியவர். 1834 முதல் பிரெஞ்சு சர்க்காரில் பழைய சின்னங்களின் தலைமைப் பரிசோதகராகவும் இருந்தார். ஆசாமி சுத்த நாஸ்திகர். போதாக்குறைக்கு, 1833ல் அவருக்கும் ஜார்ஜ் ஸாண்டுக்கும் இடையே ஒரு காதல் உண்டாகி, உண்டான வேகத்திலேயே முறிந்து, பாரிஸ் நகரத்து வம்பர்களுக்கு அவலாகப் போயிருந்தது. அப்படி முறிந்துபோன ஒரு மனிதரிடம் ஒரு பெண் உதவி கேட்பதென்றால் லேசான காரியமா? கேட்டார். மெரிமேயும் பழையதை மனத்தில் வைக்கவில்லை. 1850ல் விக் கோயில் சரித்திரச் சின்னமாகப் பதிவாயிற்று. சித்திரங்கள் பிழைத்தன.

இப்போது என் நண்பரின் முதல் வாதத்துக்கு வருகிறேன். கோயில் பக்தர்களின் சொத்தாம்! விக் கோயிலைக் காப்பாற்றிய மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவர் சாமியார். இன்னொருவர் திருச்சபையின் தடைப் பட்டியலில் இடம்பெற்ற நாவலாசிரியை. மூன்றாமவர் நாஸ்திகர். பக்தர்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று மற்ற இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாமியார் என்ன செய்திருப்பார்? மழைக்காலம் வருவதற்குள் இன்னொரு பூச்சுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்.

சரித்திரத்தைக் கேட்டாலும் அது நண்பருக்குச் சாதகமாகப் பேசாது. பழைய பிரெஞ்சுக் கிராமத்தில் கோயில் என்பது பூசை செய்கிற இடம் மட்டுமாக இருந்ததில்லை. ஊர்க்கூட்டம் கூடினது பூசை முடிந்ததும் அதன் வாசலில்தான். நேரம் சொன்னதும், நெருப்புப் பிடித்தால் கூவி அழைத்ததும் அதன் மணிதான். பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அதைப் பதிவு செய்யவேண்டும் என்று 1539ல் முதலாம் பிரான்ஸ்வா ராஜா கட்டளையிட்டான். அந்தப் பதிவேட்டை எழுதினவர் பங்குச் சாமியார். ராஜாவின் பெயர் சரித்திரப் புஸ்தகத்தில் இருக்கும். கூலிக்காரன் பெயர் கோயில் பதிவேட்டில்தான் இருந்தது. 1695ஆம் வருஷத்து ராஜ கட்டளை ஒன்று செலவையும் பங்கு பிரித்தது. பீடம் இருக்கும் பகுதியை தசமபாகம் வாங்குகிறவன் பழுது பார்க்க வேண்டும். ஜனங்கள் நிற்கும் கூடத்தை ஊரார் பழுது பார்க்க வேண்டும். ஆக, கூடத்தின் ஒவ்வோர் ஓட்டுக்கும் ஊரான் காசு கொடுத்திருக்கிறான். பக்தி உள்ளவனும் கொடுத்தான், இல்லாதவனும் கொடுத்தான்.

1789ல் புரட்சி வந்தது. ஆகஸ்டில் தசமபாகத்துக்கு முடிவு கட்டினார்கள். நவம்பரில் திருச்சபையின் சொத்தெல்லாம் தேசத்தின் வசம் என்று தீர்மானித்தார்கள். 1793ல் பங்குக்கு ஒரு மணி போதும், மற்றவற்றை உருக்கிப் பீரங்கி செய் என்று உத்தரவாயிற்று. குளுனி மடத்தின் மாபெரும் ஆலயத்தையே கல்லுக் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். கடைசியாக 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம், சர்க்கார் வேறு, மதம் வேறு என்று பிரித்து வைத்தது. அதன் பிறகு பேராலயங்கள் பெரும்பாலும் சர்க்காருடையவையாயின; அதற்கு முன் கட்டப்பட்ட சாதாரணப் பங்குக் கோயில்கள் கிராம சபைகளின் சொத்தாக நின்றன. 1907ஆம் வருஷத்துச் சட்டம், பூசை செய்து வர அவற்றை விசுவாசிகளுக்கும் குருமாருக்கும் விட்டுவைத்தது. இன்றைக்கும் இதுதான் நிலைமை. ஏறக்குறைய 40,000 பங்குக் கோயில்கள் கிராமம், நகரம் என்று ஊர்ச் சபைகளுக்குச் சொந்தம். சட்டப் புத்தகத்தைப் பிரித்தாலே போதும்: கோயில் ஊருக்குச் சொந்தம். பக்தனுக்கு அங்கே முழங்கால் போட உரிமை, ஊருக்கோ பத்திரம்.

விக் கோயிலின் சுவரில் வேறொரு கதையும் எழுதியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அர்ச். மார்த்தீன் 397ல் காந்த் என்ற ஊரில் காலமானார். உடனே இரண்டு ஊர்க்காரர்கள் உடலுக்காகச் சண்டை போட்டார்கள். புவாத்தியே ஊரார், "எங்களிடம் துறவியாக இருந்தவர், இத்தனை நாள் நீங்கள் மேற்றிராணியாராக வைத்துக்கொண்டது போதும்" என்றார்கள். தூர் ஊரார் விடவில்லை. இரவு முழுவதும் இரண்டு கட்சியும் உடலைக் காவல் காத்தன. நடு ராத்திரியில் புவாத்தியேக்காரர்கள் கண்ணயர்ந்தார்கள். தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, படகில் ஏற்றி, ஆற்றோடு கொண்டுபோய்விட்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து மேற்றிராணியாராக இருந்த கிரெகோரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். விக்கின் சித்திரக்காரன் அதைச் சுவரில் வரைந்து வைத்தான்.

இந்தக் கதையின் நீதி என்ன? சொந்தம் கொண்டாடுவது எளிது, விழித்திருப்பதுதான் கஷ்டம். தூங்கினவன் உரிமை ஜன்னல் வழியாகப் போய்விடும். புவாத்தியேக்காரர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. நியாயத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு, 'கோயில் பக்தருடையது, நமக்கென்ன' என்கிற ஊர்ச் சபையும், 'கட்டடம் ஊருடையது, நமக்கென்ன' என்கிற பக்தனும் அப்படித்தான் தூங்குகிறார்கள். நடுவிலே கூரை இறங்குகிறது.

இரண்டாவது வாதம், கலை இருந்தால் காப்பாற்று என்பது. கேட்பதற்கு எவ்வளவு அறிவாக இருக்கிறது! ஆனால் 1848ஆம் வருஷத்தில் நண்பரை விக் கோயிலுக்குள் அழைத்துப் போயிருந்தால் அவர் என்ன பார்த்திருப்பார்? வெள்ளைச் சுவர். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். 'இதிலே கலை ஏது, இடித்துவிடலாம்' என்று அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு வருஷம் கழித்து அதே சுவர் பிரெஞ்சு தேசத்தின் பொக்கிஷமாகிவிட்டது. சுவர் மாறவில்லை, பார்க்கிறவர்களின் அறிவுதான் ஒரு சுண்ணாம்புப் பூச்சின் கனம் வளர்ந்திருந்தது. இன்று 'வெறும் சுவர்' என்று நாம் சொல்கிற எந்தச் சுவருக்கும் 1848 நடந்துகொண்டிருக்கலாம் அல்லவா?

சித்திரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தவனைக்கூட நான் திட்ட மாட்டேன். எந்தக் காலத்து மனிதனோ, சுவர் அழுக்காக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு அடித்திருப்பான். அந்தப் பூச்சுதான் சித்திரத்தைப் பல தலைமுறை போர்த்திக் காத்தது. ரசனை இல்லாத அவனால் சித்திரம் சாகவில்லை. சுவரை இடிக்கத் துணிகிற ரசிகனால்தான் சாகும். சுவர் நின்றால் என்றைக்காவது ஒரு பெரிகோ வந்து சுரண்டிப் பார்ப்பார். சுவரே போய்விட்டால் எதைச் சுரண்டுவது?

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடமான துணை உண்டு. மாரிஸ் பாரெஸ் என்ற நாவலாசிரியர் 1906 முதல் பாரிஸின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்தவர். பிரிவினைச் சட்டத்துக்குப் பிறகு கிராமத்துக் கோயில்கள் சீரழிவதைக் கண்டு சபையில் குரல் எழுப்பினார். 1914ல் ஒரு புத்தகமே போட்டார். அழகான கோயிலுக்கு மட்டும் அவர் பரிந்து பேசவில்லை. யாரும் பார்க்க வராத, அழகில்லாத கோயில்களுக்காகவும் வாதாடினார். இதில் நான் அவர் கட்சி. ஆனால் யூதர்களை வெறுத்தவர் அவர். குற்றமற்ற த்ரைஃபுஸ் என்ற யூத அதிகாரியைத் துரோகி என்று சாதித்த கூட்டத்தின் முன்னணியில் நின்றவர். 'எங்கள் மண், எங்கள் செத்தவர்கள்' என்று அவர் சொல்லும்போது, அந்த 'எங்கள்' யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. கோயிலைக் காப்பது என்பது அயலானை விரட்டும் தடியாக மாறினால், கூரை பிழைத்தும் பிரயோசனமில்லை. ஊர்ப் பொதுச் சொத்து என்று நான் சொல்வது, நேற்று அந்த ஊருக்குக் குடி வந்தவனுக்கும், வேறு சாமி கும்பிடுகிறவனுக்கும், சாமியே கும்பிடாதவனுக்கும் சேர்த்துத்தான்.

இனி மூன்றாவது வாதம்: பணம். இங்கே நான் நண்பரைக் கேலி செய்யப்போவதில்லை. சில நூறு பேர் வாழும் கிராமம்; பள்ளிக்கூடக் கூரையும் ஒழுகுகிறது, கோயில் கூரையும் ஒழுகுகிறது. ஊர்த் தலைவர் எதை முதலில் பார்ப்பார்? பிள்ளைகளைத்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. 1908ஆம் வருஷத்துச் சட்டம், ஊர்ச் சபை கோயிலுக்குச் செலவு செய்யலாம் என்று அனுமதித்தது. செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்தில்தான் எத்தனையோ கூரைகள் இறங்கின. 2013ல் கெஸ்தே என்ற கிராமத்தில் பங்குக் கோயிலின் பெரும்பகுதியை இடித்தார்கள். அதே வருஷம் அபேவில் நகரத்தில் ழாக் அர்ச்சியசிஷ்டரின் கோயிலையும் இடித்தார்கள். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் எழும்பிய கட்டடங்கள். 'அப்படியொன்றும் பழசு இல்லையே' என்று சமாதானம் சொல்ல வசதியாயிற்று. 2030க்குள் 2,500 முதல் 5,000 வரை மதக் கட்டடங்கள் கைவிடப்படவோ, விற்கப்படவோ, இடிக்கப்படவோ கூடும் என்ற கணக்கை 2022ல் பிரெஞ்சு செனட் சபையின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

ஆனால் தேசத்தில் பணமே இல்லையா? 2019 ஏப்ரல் 15ஆம் தேதி பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் தீப்பற்றி எரிந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்து அழுதது. 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் கோயில் மறுபடி திறந்தது. சந்தோஷம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கிராமத்துக் கோயில் தீப்பிடித்து எரிவதில்லை. தூம்பு அடைத்துக்கொள்கிறது, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது, உத்திரம் உளுக்கிறது. இதைத் தொலைக்காட்சியில் காட்ட முடியுமா? இருபது வருஷம் படம் பிடிக்க வேண்டும். பெரிய இடத்து மரணத்துக்கு ஊரே கூடுகிறது. ஏழை வீட்டு நோய்க்கு வைத்தியன்கூட வருவதில்லை. 2023ல் சிறிய ஊர்களின் கோயில்களுக்கென்று நாலு வருஷத்தில் 20 கோடி யூரோ திரட்டுவது என்று ஒரு நிதி தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு பேராலயத்துக்கு வந்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை, அத்தனை ஆயிரம் கோயில்களுக்கு!

'கட்டாது' என்பதற்குப் பதில் 'இடி' என்பதல்ல. இடிப்பதும் இனாமாக நடப்பதில்லை. தூம்பை வருஷம் ஒரு தடவை சுத்தம் செய். நழுவிய ஓட்டை உடனே மாற்று. ஓட்டை மாற்ற வேண்டிய வருஷத்தில் மாற்றினால் உத்திரம் பிழைக்கும். கோயிலைப் பூட்டி வைக்காதே. பூட்டிய வீட்டில் முதலில் குடியேறுவது ஈரம். குருவானவர் சம்மதித்தால் அங்கே சங்கீதக் கச்சேரி நடத்தலாம், கண்காட்சி வைக்கலாம். மார்செல் புரூஸ்த் 1904ல் ஒரு பத்திரிகையில் எழுதியபோது, பூசை நின்றுபோன பேராலயம் உயிரற்ற மியூசியமாகிவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பூசையும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், திறவுகோல் எங்கே என்று தெரியாமல் கிடக்கிற கோயிலைவிட, வாரத்தில் ஒரு நாளாவது மனிதக் குரல் கேட்கிற கோயில் எவ்வளவோ மேல்.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார்: "அந்த ஊரில் நீர் பிறந்தீரா, அந்த மதத்தில் பிறந்தீரா? உமக்கென்ன வந்தது?"

எனக்கு வந்தது இதுதான். 900 வருஷத்துக்கு முன்னே ஒரு பெயர் தெரியாத மனிதன், எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களுக்காக, ஒரு பட்டிக்காட்டுச் சுவரில் தன்னுடைய முழு வித்தையையும் கொட்டினான். 'இவர்களுக்கு இது போதும்' என்று அவன் கை சுருங்கவில்லை. ராஜா வரமாட்டான், விமர்சகன் வரமாட்டான் என்று தெரிந்தும் யூதாஸின் முத்தத்தை அப்படி வரைந்தான். சாதாரண ஜனங்களுக்கு உயர்ந்தது எதற்கு என்று கேட்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விக் கோயிலின் சுவர் ஒரு பதில். கதை எழுதிப் பிழைக்கிற நான் அந்தப் பதிலைக் காப்பாற்றாமல் வேறு எதைக் காப்பாற்றுவேன்?

ஜார்ஜ் ஸாண்ட் 1876ல் காலமாகி, நோவானில் தம் குடும்பத்து இடுகாட்டில், ஊர்க் கோயிலுக்குப் பக்கத்திலேயே அடங்கிவிட்டார். அங்கிருந்து விக் நடந்து போகிற தூரம்தான். என் நண்பர் என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் கோயிலுக்குள் நுழைந்து, சித்திரம் இல்லாத ஒரு வெள்ளை மூலையாகப் பார்த்து ஐந்து நிமிஷம் நிற்கட்டும். நின்றுவிட்டு வந்து, இடிக்கலாம் என்று என்னிடம் சொல்லட்டும். அன்றைக்குக் காப்பிச் செலவு என்னுடையது.